அருவிச் சத்தத்தில் சொன்னது

குடிநீர் வாரியத்தில் அவர் பார்த்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதைச் சுருக்கி, "பைப்புக்குக் காது குடுக்கற வேலை" என்பார்கள். தெருவுக்கடியில் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று, தோண்டிப் பார்க்காமல், மேலே நின்றபடியே சொல்ல வேண்டும். அதற்கென்று நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனை கூர்மையாக இருக்கும். மறுமுனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைக் குமிழ். கூர்முனையை வால்வின் தலையில் ஊன்றி, குமிழில் வலது காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நிற்பார். வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் எதுவும் கேட்காது என்பதால் விடிவதற்குள் தெருவில் இருப்பார். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒருமுறையாவது, "என்ன சார், பூமிக்கு ஃபோனா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். அவரும் சளைக்காமல், "லைன் பிஸி சார்" என்பார்.

குழாயைத் திறந்தால் வருகிற சத்தம் மூடினால் நின்றுவிடும். தொட்டி நிரம்பும் சத்தம் நிரம்பியதும் அடங்கிவிடும். சாக்கடை விட்டுவிட்டு விழுங்கும். கசிவு ஒன்றுதான் மூச்சு விடாமல் போய்க்கொண்டிருக்கும். ஊசித் துளை என்றால் பல்லிடுக்கில் காற்றை விடுவதுபோல் மெல்லிசாக, பெரிய விரிசல் என்றால் நாய் தொண்டைக்குள் உறுமுவதுபோல். இருபத்தெட்டு வருடத்தில் அந்த ஊரின் குழாய்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் நீலச் சாயத்தால் தெருவில் ஒரு வட்டம் போட்டால், தோண்டுகிறவர்கள் வட்டத்துக்கு வெளியே கடப்பாரை வைக்கமாட்டார்கள். ஆபீசில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர்.

அந்தக் காதுக்கு வீட்டில் மட்டும் ஓய்வு எங்கே கிடைக்கும்? படுத்த பிறகு மேல் வீட்டுக் குளியலறையில் சொட்டுகிற குழாய், பக்கத்து வீட்டுத் தொட்டியின் தேய்ந்த வால்வு, எல்லாம் தலையணைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போய்ச் சுவரில் காது வைப்பார்.

"அது மாடிக்காரங்க குழாய். அவங்க தண்ணி, அவங்க பாடு. வந்து படுங்க" என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

வந்து படுப்பார். தூங்கமாட்டார். நாலு மணி நேரம் தூங்கினால் அன்றைக்கு அது விருந்து. கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்குகிற ஆள்தான். பத்துப் பதினொரு வருடமாகத்தான் இந்த நிலை. வயதாகிறது, அதனால் என்று மனைவி நினைத்திருந்தாள். அவரும் அதையே சொல்லிவைத்திருந்தார்.

மனைவி ஒரு பெரிய ரெடிமேட் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் பார்ப்பவள். மாடிப்படிக்கு அடியில், நின்றால் தலை இடிக்கிற ஒரு அறை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பேண்ட்டுகள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரிடம் நீளம் கேட்பாள், அவர்களுக்கும் புரிந்துவிடும். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓர் ஏற்றுமதித் துணி ஆலையில் இருநூறு மெஷின்களுக்கு நடுவே காலர் தைத்தவள். இவர்களின் ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். ஞாயிறு தவறாமல் பேசுவாள்.

துணிக்கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தது மனைவியின் அக்கா. தனி ஆள். வாய் ஓயாதவள். பில் போடுவதற்குள் வாடிக்கையாளரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிடுவாள்.

அந்த வருடம் கடைக்கு வெள்ளையடிக்க ஒருநாள் மூட வேண்டியிருந்தது. முதலாளிக்கு என்ன தோன்றியதோ, அன்றைக்கு ஒரு பஸ் பிடித்து எல்லாரையும் அருவிகள் இருக்கிற தேசியப் பூங்காவுக்கு அனுப்புகிறேன் என்றார். ஒருவர் தன்னோடு இன்னொருவரைக் கூட்டி வரலாம். அக்காவுக்குக் கூட்டி வர ஆள் இல்லை. அதற்கு ஈடாக இரண்டு பை கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.

"தண்ணி கொட்டறதப் பாக்க அஞ்சு மணி நேரம் போகணுமா? எங்கூட வா, நாலு தெரு தள்ளிக் காட்டறேன்" என்றார் அவர்.

"நீங்க வர்றீங்க. உங்க ஆபீசுக்கு நானே ஃபோன் போட்டு லீவு சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"காது வலின்னு."

அவர் காதைத் தடவிக்கொண்டார். பிறகு, "அய்யோ, மொத்த டிப்பார்ட்மெண்டும் பார்க்க வந்துடுமே" என்றார்.

பஸ் விடியற்காலை கிளம்பியது. ஊர் முடிந்ததும் பனி ஆரம்பித்தது. முதலில் வயல்கள் மறைந்தன. பிறகு மரங்கள் இடுப்புவரை மறைந்து, மேல்பாதி மட்டும் மிதந்து வந்தது. முன்சீட்டில் அக்கா அவித்த முட்டையும் ரொட்டியும் விநியோகித்துக்கொண்டே பேசினாள். அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தார். கண்ணாடி வழியாக இன்ஜினின் அதிர்வு தாடைக்குள் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது சிலிண்டரில் ஏதோ சரியில்லை என்று நினைத்தார். பிறகு, எனக்கென்ன, நான் மெக்கானிக்கா என்றும் நினைத்தார். மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே ஒரு குதிரை, கழுத்துவரை பனியில் நின்றுகொண்டு, பஸ்ஸையே பார்த்தது. அது நிஜமாகவே குதிரைதானா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது.

பூங்கா வாசலில் இறங்கியபோது மணி பத்தரை. மலைச்சரிவில் பன்னிரண்டு ஏரிகள், படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. மேல் ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்ததில் விழும். அது வழிந்து அதற்கடுத்ததில். எல்லா விளிம்பிலும் அருவி. நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். சீருடை போட்ட வழிகாட்டிப் பெண் கையில் ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"மழைக்காலத்துல ஒரு செகண்டுக்கு ஏழாயிரம் லிட்டர் விழும்" என்றாள் அவள்.

எல்லாரும் "ஓ" என்றார்கள். அவர் மட்டும் உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

"என்ன?" என்றாள் மனைவி.

"நம்ம வடக்கு மண்டலத்துக்கு நாள் முழுக்க விடற தண்ணி. இங்க ஒரு மணி நேரத்துல போகுது."

அக்கா திரும்பினாள். "தம்பி, மனசு கேக்கலன்னா ஒரு நீல வட்டம் போட்டுட்டு வாங்க. ஆளுங்க வந்து அடைச்சுடுவாங்க."

கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

முதல் ஏரியின் தண்ணீர் பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. பார்க்கிற இடத்தைப் பொறுத்து மாறியது. அடியில் விழுந்து கிடந்த மரங்களின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஒவ்வொரு கிளையும் சுள்ளியும் அப்படியே தெரிந்தன. அதற்கு மேலே மீன்கள் அசையாமல் நின்றன. அவற்றின் நிழல்கள் மட்டும் அடியில் மெல்ல ஆடின. அவ்வளவு பேர் நடந்தும் யாரும் உரக்கப் பேசவில்லை. தூங்குகிறவர் இருக்கும் அறைக்குள் போவதுபோல் எல்லாருடைய குரலும் தானாக இறங்கிவிட்டது. அக்காகூட இரண்டு நிமிடம் பேசாமல் வந்தாள்.

நான்காவது ஏரிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பலகைப் பாதை அருவியின் விளிம்பின் மேலேயே போனது. பலகைகளுக்கு இடையே விரலளவு இடுக்கு. அதற்குக் கீழே பாசியைக் கோதிக்கொண்டு தண்ணீர் ஓடியது. உள்ளங்காலில் அது தெரிந்தது அவருக்கு. நின்றார். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக மண்டியிட்டார். பிறகு, பழக்கதோஷம், வலது காதைப் பலகையில் வைத்துவிட்டார்.

"அடியே, உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு பாரு!" என்று அக்கா கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.

பலகைக்குள் நூறு சத்தம் இருந்தது. அவர் கண்ணை மூடி ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். இது குறுகலான இடுக்கில் நுழைகிறது. இது கல்லில் விழுகிறது. இது பாசியில் விழுகிறது, அதனால்தான் விளிம்பு இல்லாமல் இருக்கிறது. இது ஆழத்தில் சுழல்கிறது. பதினேழுவரை எண்ணினார். பதினெட்டாவதைப் பிடிக்கும்போது மூன்றாவது கைநழுவியது. மறுபடி ஆரம்பித்தார். ஒன்பதில் எல்லாம் கலைந்துவிட்டது. எந்தச் சத்தமும் நிற்கவில்லை. எதுவும் மூச்சு விடவில்லை. ஆனாலும் அங்கே எங்கும் சாயம் போட வேண்டிய இடம் இல்லை. அவர் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா கேட்டார். சும்மா கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது மனைவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முன்னால் போய்விட்டது.

"என்ன சொல்லுது?" என்றாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கு."

கன்னத்தில் பலகையின் வரி பதிந்திருந்தது. அவள் அதைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

பெரிய அருவி எட்டாவது ஏரிக்கு அப்பால் இருந்தது. தொலைவிலேயே அதன் சாரல் மரங்களுக்கு மேல் எழுந்து நிற்பது தெரிந்தது. அருகே போகப் போக இலைகளெல்லாம் ஓயாமல் நடுங்கின. அக்கா தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு, "முழங்கால் இதுக்கு மேல வராதுன்னு சொல்லுது, நான் கேண்டீன்ல இருக்கேன்" என்று போய்விட்டாள். மற்றவர்களும் படம் எடுத்து முடித்து நகர்ந்தார்கள். கம்பி வேலி ஓரத்தில் அவரும் மனைவியும் மட்டும் நின்றார்கள்.

எழுபதடி உயரத்திலிருந்து தண்ணீர் வந்தது. விழுவதுபோலவே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் அப்படியே நின்றது, பாறைதான் மேலே போயிற்று. சாரல் முகத்தில் அடித்ததால் மனைவி அருவிக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கி வேலியில் சாய்ந்து அவரைப் பார்த்து நின்றாள். இமையில் சின்னச் சின்னத் துளிகள்.

அவர் இருமினார். இருமல் கேட்கவில்லை. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டவர் காதுக்கே கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காதில் எதுவும் தனியாக விழவில்லை. ஒரே ஓர் இரைச்சல். அது இரைச்சல் என்பதும் சற்று நேரத்தில் மறந்து, நிசப்தம்போல் ஆகிவிட்டது. உடம்பு இலேசாகி, நிற்கிற இடம் மெல்ல மேலே போகிற மாதிரி இருந்தது. அந்த நிலையில்தான் அவர் பேச ஆரம்பித்தார். யாருக்கும் கேட்காது என்கிற தைரியம். கண் அருவியின் மேலேயே இருந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால அச்சகத் தெருவுல பாத்துட்டு வரச் சொன்னாங்க. மூணு இடத்துல கம்பிய வச்சேன். மூணாவது இடத்துல ஒண்ணு கேட்டுச்சு. ரொம்ப மெல்லிசா. எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை, ஸ்கூல்ல விடணும்னு அவசரம். மூலைக் கடை ஃப்ரிட்ஜா இருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். 'கசிவு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

சாரல் வாய்க்குள் போயிற்று. விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"பத்தொன்பதாம் நாள் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் சரிஞ்சுது. அடியில மண்ணெல்லாம் அரிச்சுப் போயிருந்துச்சு. அந்த வழியா ஒரு டீச்சர் போயிட்டிருந்தாங்க. கால்ல ரெண்டு இடத்துல எலும்பு முறிஞ்சுது. ரோடு போட்ட காண்ட்ராக்டர் பள்ளம் எடுத்ததாலன்னு சொல்லி அவருக்கு அபராதம் போட்டுட்டாங்க. என் நோட்ட ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கல. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. அந்த டீச்சர் இப்பவும் சாய்ச்சு சாய்ச்சுத்தான் நடக்கறாங்க. காலைல பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க. தூரத்துல பாத்தாலே நான் ரோட்டக் கடந்து அந்தப் பக்கம் போயிடுவேன். அதுக்கப்புறம் எந்தச் சத்தத்தையும் ஃப்ரிட்ஜுன்னு விட முடியல. ஒண்ணையும் விட முடியல."

சொல்லி முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மனைவி அசையாமல் நின்றாள். பிறகு அவர் கையைப் பிடித்து, போகலாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

ஒன்பதாவது ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே சத்தம் பாதியாக அடங்கியிருந்தது. அவள் பையிலிருந்து துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, பாதியை நீட்டினாள். அவர் இரண்டு சுளை தின்று முடித்திருப்பார்.

"அந்த டீச்சர் எந்த பஸ் ஸ்டாப்புல நிப்பாங்க?" என்றாள்.

அவர் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது.

"உனக்கு... அங்க ஒண்ணுமே கேட்டிருக்காதே!"

"கேக்கல. பாத்தேன்." அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "இருநூறு மெஷின் ஓடற எடத்துல ஒன்பது வருஷம் உக்காந்திருந்தேன். அங்க பேசினா யாருக்குக் கேக்கும்? நாங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசுவோம். கல்யாணம், சண்டை, சினிமாக் கதை, எல்லாமே அப்படித்தான். சூப்பர்வைசர் கண்ணாடி ரூமுக்குள்ள எங்களத் திட்டறதுகூட எங்களுக்கு வார்த்த வார்த்தையாத் தெரியும்."

"இருபத்தாறு வருஷமா இத எங்கிட்ட சொன்னதே இல்லயே!"

"நீங்க கேக்கவே இல்லயே. உங்களுக்கு எல்லாமே காதுதானே."

அவர் அவளையே பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் கலங்கியும் இருந்தது.

"அப்ப நான் உள்ளுக்குள்ள முணுமுணுக்கறதெல்லாம்..."

"எங்கம்மா வீட்டுக்கு வரும்போது முணுமுணுப்பீங்களே, அதெல்லாம் பாடமே பண்ணிட்டேன்."

ஏரியில் இலை ஒன்று விழுந்து, தன் நிழலைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

"தப்புதான்" என்றாள் அவள் திடீரென்று. "இல்லன்னு நான் சொல்லமாட்டேன். கேட்டுட்டுத்தான் விட்டுட்டீங்க. ஆனா அத எங்கிட்டச் சொல்லாம பதினோரு வருஷம் சுவர்ல காது வச்சு நின்னீங்க பாருங்க, அது அதவிடப் பெரிய தப்பு. அவங்களப் பாத்துச் சொல்லிடுங்க. நானும் வர்றேன்."

"சொன்னா?"

"திட்டுவாங்க. வாங்கிக்கலாம்."

அவர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மேலே உள்ள பெரிய ஏரியைப் படகில் கடந்தால் பஸ் நிற்கும் பக்கத்துக்குப் போகலாம். படகு மின்சாரத்தில் ஓடுவது. துளி சத்தம் கிடையாது. ஓட்டியது தொப்பி போட்ட ஒரு நடுவயது அம்மாள். கேண்டீனிலிருந்து அக்காவும் வந்து சேர்ந்தாள். அவர் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். கரை மெல்ல விலகியது. மலை தண்ணீரில் தலைகீழாக இருந்தது. படகின் மூக்கு அதைத் தொட்டதும் மலை நெளிந்து வழிவிட்டது. மனைவி திரும்பி ஏதோ சொல்ல வந்தாள். அவர் வாய் இலேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டிருந்தார்.

மறுகரை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அக்கா அவர் தோளைத் தொடப் போனாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாத அக்கா."

"எழுப்பாம? தூக்கிட்டுப் போறதா?"

மனைவி படகோட்டும் அம்மாளைப் பார்த்தாள். "இவரு சரியாத் தூங்கிப் பல வருஷம் ஆச்சுங்க."

அந்த அம்மாள் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எறங்காதவங்கள எறக்கிவிடணும்னு எனக்கு யாரும் சொல்லல. உக்காருங்க. அஞ்சு மணிவரைக்கும் போயிட்டு வந்துட்டுத்தானே இருக்கேன்."

அப்படியே அவரை வைத்துக்கொண்டு படகு திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று. ஏறுகிறவர்கள் அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு புதுக் கல்யாண ஜோடி அவருக்காக ஒதுங்கி உட்கார்ந்தது. வெயில் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நகர்ந்தது. மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தாள். அந்த மாடிப்படி அறையில் இந்நேரம் எத்தனை பேண்ட் மடித்துத் தைத்திருப்போம் என்று ஒருதரம் நினைத்தாள். அப்புறம் அந்த நினைப்பும் போய்விட்டது. ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் அக்கா இரண்டு பையோடு நின்று கையை ஆட்டினாள். மூன்றாம் தடவை, "பஸ் போயிடும்டி! டிரைவர் ஹாரன் அடிக்கிறான்! கும்பகர்ணன எழுப்பு!" என்று கத்தினாள். அது அவரை எழுப்பவில்லை. ஐந்து மணிக்குப் படகைக் கட்டும்போது கயிறு கட்டையில் உரசிய சிறு சத்தம்தான் எழுப்பியது.

"வந்தாச்சா?" என்றார்.

"ஏழாவது தடவையா வந்தாச்சு" என்றாள் படகோட்டும் அம்மாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா அவரிடம் பேசவில்லை. அதாவது, அவரைப் பற்றிப் பஸ்ஸில் இருந்த மற்ற எல்லாரிடமும் பேசினாள். அவர் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி சொன்னாள். "குதிரையா?" என்றார். "முட்டை" என்றாள் அவள். "வேணுமான்னு கேட்டேன்."

பத்து நாள் கழித்து ஒரு காலையில் இருவரும் அந்தப் பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். டீச்சர் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வாரம் மூன்று நாள் ஒரு டியூஷன் சென்டருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவார். கைத்தடியை பெஞ்சில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இவர் டீச்சர் முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார். ஃப்ரிட்ஜ் என்று நினைத்ததையும், அவசரத்தையும், எழுதிய இரண்டு வார்த்தையையும் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்றாள். உதவிக்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருடைய பஸ் வந்தது, போகவிட்டார்.

"பதினோரு வருஷமா நான் தினம் அந்தக் காண்ட்ராக்டரைத் திட்டிட்டு இருக்கேன். படி ஏறும்போது ஒரு தடவ, எறங்கும்போது ஒரு தடவ. இப்ப நீங்க வந்து நிக்கறீங்க" என்றார்.

"ஆமாங்கம்மா."

"மன்னிச்சுட்டேன்னு உடனே சொல்ல எனக்கு வரல. பொய் சொல்லிப் பழக்கமில்ல."

"சொல்ல வேண்டாங்கம்மா."

டீச்சர் யோசித்தார். நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். "அப்ப பங்கு பிரிச்சுக்கலாம். இனிமே ஏறும்போது அவரு, எறங்கும்போது நீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பெஞ்சில் சற்று நகர்ந்து, அவர் மனைவிக்கு உட்கார இடம் விட்டார்.

அன்றிலிருந்து அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போவதில்லை. வேலை முடிந்து கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும்போது டீச்சர் ஸ்டாப்பில் இருந்தால், நின்று வணக்கம் சொல்வார். தூக்கம் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடவில்லை. சில நாள் ஐந்து மணி நேரம், சில நாள் ஆறு. மாடிக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மேல் வீட்டுக்காரரிடம் சொல்லி வாஷர் வாங்கி வைத்திருக்கிறார், அவர்கள் மாற்றினபாடில்லை.

போன மாதம் ஒரு காலை, வணக்கம் சொன்ன பிறகு அவர் தயங்கி நின்றார்.

"படியெல்லாம் எப்படிங்கம்மா இருக்கு?"

டீச்சர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப புது சென்டருல லிஃப்ட் போட்டுட்டாங்க. உங்க ரெண்டு பேரையும் எப்பத் திட்டறதுன்னே தெரியல."